நாம் மறந்த மேதை: டாக்டர் சம்புநாத் டே



மலருக்கு ஒரு கட்டுரை வேணும்னு மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, எதை எழுதுவதென்று கொஞ்ச நாள் யோசித்தேன். சர்வே கேம்ப், ரெகார்டு நோட்டில் கையெழுத்துக்கு அலைந்தது, உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு டீக்கடை பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்தது, இதையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுத நம் பேட்ச்சில் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதப்போகிறேன். சிவில் படிச்சவனுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கு. அதைச் சொல்வதற்கு முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

நான் செய்த தவறு

படிப்பு முடித்து நான்காவது வருஷம். வேறொரு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை. நான் சைட் இன்ஜினியர். ஒரு தெருவில் சாக்கடையைத் தாண்டி லைன் போக வேண்டியிருந்தது. மறுநாள் தண்ணீர் திறந்துவிடணும்னு அவசரம். அந்த ஒரு ஜாயின்ட்டை மட்டும் பிரஷர் டெஸ்ட் செய்யாமலே மண்ணை மூடச் சொல்லிவிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சொன்னது நான்தான்.

ஒன்றரை மாதம் கழித்து, மழைக்காலத்தில், அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவராக வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். நல்ல வேளை, யாரும் இறக்கவில்லை. ஒரு வயதான அம்மாவை மட்டும் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். தோண்டிப் பார்த்தால் அதே ஜாயின்ட். தண்ணீர் வரும் நேரத்தில் லேசாக வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, பக்கத்தில் தேங்கி நிற்கும் சாக்கடையை உள்ளே இழுக்கும். மறுநாள் காலை குழாயைத் திறந்தால் முதல் குடத்தில் அது வரும். ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவன் நான். தெருவில் ஃபெயில் ஆகிவிட்டேன்.

அந்த அம்மாவைப் பார்க்கப் போனபோது, டியூட்டியில் இருந்த இளம் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, ஒரு உடம்பிலிருந்து இத்தனை குடம் தண்ணீரை எப்படி வெளியே தள்ளுது? அவர் பொறுமையாக விளக்கிவிட்டு, இதைக் கண்டுபிடித்தவர் நம்ம நாட்டுக்காரர்தான், கல்கத்தாவில் இருந்தவர் என்று ஒரு பெயரைச் சொன்னார். அதுவரை நான் கேட்டிராத பெயர். அன்று முதல் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன். அவர்தான் டாக்டர் சம்புநாத் டே.

ஹூக்ளிக் கரையில் ஒரு பையன்

1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற சிற்றூரில் பிறந்தார். வசதியான குடும்பம் அல்ல. அப்பா சிறு வியாபாரம் செய்தவர். வியாபாரமும் பெரிதாக எழவில்லை. குடும்பத்தில் படித்தவர் என்று சொன்னால் சித்தப்பா ஒருவர்தான். அவருடைய தூண்டுதலில் பையன் படித்தான். ஊர்ப் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கி உதவித்தொகை பெற்று ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியில் சேர்ந்தான். அங்கிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரி. பெரிய நகரத்தில் தங்கிப் படிக்கப் பணமில்லாதபோது, ஒரு வணிகர் குடும்பம் தங்க இடம் கொடுத்து ஆதரித்தது. நம் கல்லூரியிலும் இப்படி யாரோ ஒருவர் திண்ணையில், யாரோ ஒருவர் சாப்பாட்டில் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும்.

1939-இல் எம்.பி. பட்டம். 1942-இல் வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமோ. அதே ஆண்டில் தான் படித்த கல்லூரியிலேயே நோய்க்குறியியல் துறையில் டிமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தார். அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 1943-இல் வங்கப் பஞ்சம். சாலையோரங்களில் மக்கள் செத்து விழுந்தார்கள். பசிக்குப் பின்னாலேயே காலரா வந்தது. கங்கையின் கழிமுகம்தான் காலராவின் சொந்த ஊர் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. பிணவறையில் வேலை பார்க்கும் ஒரு இளம் டாக்டருக்கு அந்த நோயைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

1947-இல் லண்டன் போனார். யுனிவர்சிட்டி காலேஜ் ஹாஸ்பிடல் மருத்துவப் பள்ளியில் ராய் கேமரன் என்ற புகழ்பெற்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி. மூளையில் நீர் கோத்துக்கொள்வது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது என்று அங்கே அவர் செய்த வேலையெல்லாம் உடம்புக்குள் தண்ணீர் இடம் மாறிப்போவதைப் பற்றியதுதான். 1949-இல் பி.எச்டி. வாங்கினார். வாங்கியதும் ஊருக்குத் திரும்பிவிட்டார். கல்கத்தாவில் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் வேலை. அதன் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை.

எழுபத்தைந்து வருஷப் புதிர்

காலரா என்றால் இன்றைய மாணவர்களுக்குத் தெரியாது. நம் பக்கத்துக் கிராமங்களில் வாந்திபேதி, கழிச்சல் என்பார்கள். காலையில் ஏர் ஓட்டப் போன ஆள் சாயங்காலம் பாடையில் போவார். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி, நிறமே இல்லாமல், லிட்டர் லிட்டராகப் போகும். கடுமையாக இருந்தால் ஒரு நாளில் 15, 20 லிட்டர்கூடப் போகும். கண் குழிந்து, தோல் சுருங்கி, நாடி அடங்கிவிடும்.

இதற்குக் காரணமான கிருமியை ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக், கல்கத்தாவுக்கே வந்து 1884-இல் உறுதிப்படுத்தினார். கால்புள்ளி மாதிரி வளைந்த சின்னஞ்சிறு கிருமி. அது குடலில் ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்றும் அப்போதே ஊகித்தார். ஆனால் அந்த நஞ்சைப் பிடித்துக் காட்ட அவராலும் முடியவில்லை, பின்னால் வந்தவர்களாலும் முடியவில்லை. ஏன்?

எல்லாரும் தேடிய இடம் தப்பு. கிருமியை விலங்குகளின் ரத்தத்தில் செலுத்தினார்கள், தோலுக்கடியில் செலுத்தினார்கள், வயிற்றறைக்குள் செலுத்தினார்கள். விலங்கு செத்தது. ஆனால் காலரா வந்து சாகவில்லை. செத்த கிருமியின் உடல் உடைந்து வெளிவரும் வேறொரு நச்சால் செத்தது. வாய் வழியாகக் கொடுத்தாலோ வளர்ந்த முயலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. நோய் இருக்கிறது, கிருமி இருக்கிறது, நடுவில் இருக்கும் பாலம் மட்டும் காணோம். அந்தப் பாலத்தைப் போட்டவர்தான் சம்புநாத் டே.

இரண்டு முடிச்சு

இறந்த காலரா நோயாளிகளின் சிறுநீரகங்களையும் குடல்களையும் ஆராய்ந்து பார்த்தவர் அவர். நோய் நடக்கும் இடம் குடலின் உள்சுவர் என்றால் சோதனையும் அங்கேதானே நடக்க வேண்டும்? இதுதான் அவர் எண்ணம். சொன்னால் சாதாரணமாக இருக்கிறது. எழுபது வருஷமாக யாரும் அதை உருப்படியாகச் செய்யவில்லை.

முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தார். சிறுகுடலில் ஒரு சாண் அளவுகூட இல்லாத ஒரு துண்டை, வெட்டாமல், ரத்த ஓட்டம் கெடாமல், இரண்டு பக்கமும் நூலால் முடிச்சுப் போட்டார். இரண்டு முடிச்சுக்கு நடுவே காலராக் கிருமி வளர்த்த திரவத்தில் ஒரு மில்லி அளவு ஊசியால் செலுத்தினார். வயிற்றைத் தைத்தார். மறுநாள் திறந்து பார்த்தால், கிருமி போட்ட துண்டு தண்ணீர் நிரம்பிய பலூன் மாதிரிப் புடைத்திருந்தது. கிருமி போடாத துண்டு காலியாகச் சுருங்கிக் கிடந்தது. சாட்டர்ஜி என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து 1953-இல் இதை வெளியிட்டார்.

இன்ஜினியர்களான நாம் இதை உடனே புரிந்துகொள்வோம். லைனில் எங்கே கசிவு என்று தெரியவில்லை என்றால் என்ன செய்வோம்? இரண்டு வால்வை மூடி, நடுப் பகுதியைத் தனியாகப் பிரித்து டெஸ்ட் செய்வோம். அவர் செய்ததும் அதுவேதான். தேவைப்பட்டது ஒரு முயல், கொஞ்சம் நூல், ஒரு ஊசி. விலை உயர்ந்த கருவி ஒன்றுகூட இல்லை.

இந்த முடிச்சில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் குடல் சும்மா இருக்கும் குழாய் இல்லை. சதா அசைந்து, உள்ளே இருப்பதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நாம் விழுங்கும் பெரும்பாலான கிருமிகள் தங்க இடமில்லாமல் அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. நோய் உண்டாக்க வேண்டும் என்றால் கிருமி முதலில் குடல் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காலராக் கிருமியின் உடம்பில் மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் இருக்கின்றன. குடலில் கூட்டமாக ஒட்டித் தங்குவதற்கு அவைதான் கைகள் என்பதை 1987-இல் கண்டறிந்தார்கள். முயலின் குடலில் அந்தப் பிடிமானத்தின் வேலையை டாக்டர் டேயின் முடிச்சு செய்தது. அடித்துப்போக விடாமல் கிருமியைச் சுவருக்கு அருகிலேயே நிறுத்தி வைத்தது.

1956: நம் வயிற்றிலேயே இருக்கும் எதிரி

1955-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் துறைக்குத் தலைவரானார். டிமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்த அதே இடத்தில் பேராசிரியர். அடுத்த ஆண்டே இன்னொரு முக்கியமான ஆய்வு வந்தது. என்னைப் பொறுத்தவரை, என் தெருவுக்கு மிகவும் நெருக்கமான ஆய்வு.

ஈ.கோலை என்ற கிருமி எல்லார் குடலிலும் இருப்பது. பெரும்பாலும் சாது. ஆனால் வயிற்றுப்போக்கு வந்தவர்களிடம் எடுத்த சில ஈ.கோலை வகைகளை டாக்டர் டேயும் பட்டாச்சார்யா, சர்க்கார் என்ற இரு சக ஆய்வாளர்களும் முயலின் குடல் துண்டில் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றுள் சில, காலராக் கிருமியைப் போலவே குடலில் நீரை நிரப்பின! வீட்டுக்காரன் மாதிரி இருப்பவனில் சில பேர் திருடன் என்பது அன்று தெரிந்தது. நச்சு சுரக்கும் இந்த ஈ.கோலை வகைதான் இன்றும் ஏழை நாடுகளின் குழந்தைகளை வாட்டும் வயிற்றுப்போக்குக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. வெளியூர் போய்த் தண்ணீர் ஒத்துக்கலைன்னு நாம் சொல்வதிலும் பல நேரம் இதுதான் ஆள்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி அதன் பிறகு நிறையத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு வகையும் ஒட்டும் விதமே தனி. ஒரு வகை, நுண்ணிய இழைகளால் குடல் சுவரைப் பற்றிக்கொண்டு நச்சைச் சுரக்கிறது. இன்னொரு வகை, குடல் செல்லுக்குள் தன் புரதத்தை ஏற்றி, அந்தச் செல்லையே தனக்கு ஒரு பீடம் கட்டித் தரச் செய்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மூன்றாவது வகையை நுண்ணோக்கியில் பார்த்தால், செங்கல் அடுக்கி வைத்தது மாதிரி வரிசையாக ஒட்டியிருக்கும். சிவில்காரர்கள் கவனிக்க, கிருமிக்குக்கூட அஸ்திவாரமும் கட்டுவேலையும் தெரியும்!

1959: ஒன்றரைப் பக்கத்தில் ஒரு சாதனை

முடிச்சுப் போட்ட குடலில் நீர் நிரம்பியது சரி. அதைச் செய்தது கிருமியா, கிருமி சுரந்த நஞ்சா? இதைப் பிரித்துக் காட்டினால்தான் கோக்கின் ஊகம் நிரூபணமாகும். டாக்டர் டே, கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத வெறும் சாறாக எடுத்து, அதைக் குடல் துண்டில் செலுத்தினார். துண்டு புடைத்தது. கிருமியே இல்லை, ஆனாலும் காலரா வந்துவிட்டது. 1959 மே 30-ஆம் தேதியிட்ட நேச்சர் இதழில், தான் ஒருவர் பெயரில், இரண்டு பக்கத்துக்குள் அடங்கிய ஒரு சிறு கட்டுரையாக இதை எழுதினார். அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் டத்தாவும் அவருடைய குழுவினரும் முயல் குட்டிகளை வைத்து வேறொரு வழியில் இதே முடிவை நெருங்கினார்கள். எழுபத்தைந்து வருஷப் புதிரை அவிழ்த்தவை, விடுதலை பெற்றுப் பன்னிரண்டு வருஷம்கூட முழுதாக ஆகாத ஒரு நாட்டின் இரண்டு ஊர்கள்.

அந்த நஞ்சு செய்யும் வேலையைப் பின்னால் வந்தவர்கள் துருவிப் பார்த்தார்கள். 1969-இல் அமெரிக்காவில் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு புரதம். ஐந்து துண்டுகள் குடல் செல்லின் மேல் பூட்டு மாதிரிப் பொருந்திக்கொள்கின்றன. ஆறாவது துண்டு சாவி மாதிரி உள்ளே போகிறது. உள்ளே உப்பையும் நீரையும் வெளியேற்றும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. சாவி அதை ஆன் செய்துவிட்டு ஆஃப் ஆகாமல் பூட்டிவிடுகிறது. செல் சாகவில்லை, சுவர் உடையவில்லை. வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கிருமி தண்ணீரைக் கொண்டுவருவதில்லை. நம் உடம்பின் தண்ணீரை நம் குடலை வைத்தே வெளியேற்றுகிறது.

கிடைக்காத மாலைகள்

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்குப் பிறகு என்ன நடந்தது? கிட்டத்தட்ட ஒன்றும் நடக்கவில்லை. 1961-இல் காலராவைப் பற்றி அவர் எழுதிய நூல் எடின்பரோவில் வெளிவந்தது. நஞ்சைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க அவரும் முயன்றார். அதற்கு வேண்டிய கருவிகள் கல்கத்தாவில் அவருக்கு அமையவில்லை. முடிச்சுப் போட்ட முயல் குடல் உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் வழக்கமான சோதனை முறை ஆனது. அதைப் போட்டவர் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. 1973-இல் 58 வயதில் ஓய்வு பெற்றார்.

1978-இல் காலராவையும் அதைப் போன்ற வயிற்றுப்போக்கு நோய்களையும் பற்றி நோபல் அமைப்பு ஸ்வீடனில் நடத்திய கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அந்தப் பரிசுக்கு இவர் பெயரை ஒரு தடவைக்கு மேல் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. அதுகூடப் போகட்டும். அவர் உயிரோடிருந்தவரை நம் நாட்டின் எந்தப் பெரிய அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை; பெரிய விருது எதுவும் தேடி வரவில்லை. 1985 ஏப்ரல் 15-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார். ஐந்து வருஷம் கழித்து, 1990-இல், கரண்ட் சயின்ஸ் இதழ் அவர் நினைவாக ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. உயிரோடிருக்கும்போது தர மறந்ததை நாம் படத்துக்கு மாலையாகப் போட்டோம். நமக்கு இது புதுசா என்ன?

உப்பும் சர்க்கரையும்

விருது வராவிட்டாலும் வேலை வீணாகவில்லை. குடல் சுவர் செத்துப்போகவில்லை, அதன் நீர்க்கணக்குதான் தப்பாகிவிட்டது என்ற புரிதல் வலுத்தபோது, இன்னொரு கதவும் திறந்தது. குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே உள்ளே போகும் ஒரு வழி இருக்கிறது. இரண்டும் போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா நஞ்சு அந்த வழியைத் தொடுவதில்லை! வெளியேற்றும் வால்வு மாட்டிக்கொண்டாலும் உள்ளே இழுக்கும் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 1968-இல் டாக்காவில் உப்பு சர்க்கரைக் கரைசலை வாயால் கொடுத்து வெற்றி கண்டார்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில், டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அதையே டிரம்களில் கரைத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். இன்று மெடிக்கல் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அதுதான்.

காலரா முடிந்துபோன கதை என்று நினைக்க வேண்டாம். 1992-இன் இறுதியில் அதுவரை அறியாத ஒரு புது வகைக் காலராக் கிருமி உலகத்தின் கண்ணில் முதலில் பட்டது நம் சென்னையில்தான். எந்தக் கிருமி எந்தப் பெயரில் வந்தாலும், வரும் வழி ஒன்றுதான். கழிவு குடிநீரில் கலக்கும் வழி.

ஆயா கேட்ட கேள்வி

இதையெல்லாம் படித்து முடித்த காலத்தில் ஒருமுறை ஊருக்கு வந்திருந்தேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் என் கிராமம். என் ஆயாவிடம், அதாவது அம்மாவைப் பெற்றவரிடம், பெரிய ஆள் மாதிரி இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அம்மாவுக்கு மூத்ததாக ஒரு ஆண் குழந்தை இருந்தது. 1962 வாக்கில், இரண்டு வயதில், வாந்திபேதியில் போய்விட்டது. பேதி ஆகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பெரியவங்க சொன்னதால், குழந்தை தண்ணி தண்ணின்னு அழுதும் கொடுக்கவில்லை. துணியை நனைத்து உதட்டில் மட்டும் வைத்தார்கள்.

பிறகு ஆயா என்னிடம் கேட்டார். அப்போ உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணி கொடுத்திருந்தா அவன் பொழைச்சிருப்பானா?

நண்பர்களே, எத்தனையோ வைவாவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்வி மாதிரி ஒன்று என்னை அடித்துப் போட்டதில்லை. பொழைச்சிருக்கலாம் என்பதுதான் உண்மை. ஆனால் அந்த வருஷத்தில் ரத்தக் குழாயில் உப்புத் தண்ணீர் ஏற்றப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியுமே தவிர, வாயால் கொடுத்தே காப்பாற்றலாம் என்று பெரிய டாக்டர்களுக்கே உறுதியாகத் தெரியாது என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை முதலில் சொன்னேன். முதல் உண்மையை மெதுவாகச் சொன்னேன். ஆயா தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த டாக்டருக்குப் புள்ளைங்க இருந்தாங்களான்னு கேட்டார். ஏன் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தம்பி தங்கைகளுக்கு

படிக்கிற உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் தவறை மேலேயே எழுதிவிட்டேன். பட்டதை மட்டும் சொல்கிறேன்.

நம் ஊர்க் கல்லூரியில் லேப் சின்னது, கருவி பழசு என்று நாம் எல்லோரும் ஒரு காலத்தில் குறைப்பட்டவர்கள்தான். கருவி இல்லாததால் டாக்டர் டே நஞ்சைப் பிரித்தெடுக்க முடியாமல் போனது நிஜம். அந்தக் குறையை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் கேள்வியைச் சரியான இடத்தில் வைப்பதற்குக் கருவி தேவைப்படவில்லை. நூலும் ஊசியும் போதுமாக இருந்தது.

அடுத்து, சிவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு. டாக்டர் டே கண்டுபிடித்தது நோய் குடலில் எப்படி நடக்கிறது என்பதை. அது குடல் வரைக்கும் போகாமல் தடுப்பது நம் வேலை. குடிநீர் லைன் மேலே, கழிவுநீர் லைன் கீழே, நடுவில் போதுமான இடைவெளி. மூடுமுன் ஒவ்வொரு ஜாயின்ட்டும் பிரஷர் டெஸ்ட். திறப்பதற்கு முன் குளோரின் போட்டுக் கழுவி விடுங்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள். கல்வராயன் மலையில் ஊற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் கிராமமானாலும், கீழே ரோட்டோரத்துப் பேரூரானாலும் கணக்கு ஒன்றுதான். அந்த ஒரு ஜாயின்ட்டை மூடச் சொன்ன நாளுக்குப் பிறகு, நான் இன்றுவரை டெஸ்ட் பார்க்காமல் எந்தக் குழியையும் மூடியதில்லை.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, ரத்தம் போனாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இந்த மலரில் என் பக்கத்தை மறந்தாலும் இந்த நாலு வரியை மறக்க வேண்டாம்.

நம் கல்லூரியில் விஞ்ஞானிகள் படங்கள் வரிசையாக மாட்டியிருப்பது நினைவிருக்கிறதா? அந்த வரிசையில் சம்புநாத் டே படம் ஒன்றும் வைக்கலாம் என்று இந்தச் சந்திப்பில் நம் சங்கத்திடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். சட்டம் போட்டு மாட்டும் செலவு என்னுடையது. ஆணி அடிக்க நம் பேட்ச்சில் யாராவது கை கொடுங்கள்.

சந்திப்பில் பார்ப்போம்.

— முன்னாள் மாணவன், சிவில் பிரிவு